எட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு நிறுத்தக் கற்றுத்தந்த காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் அன்றாட இருசக்கர வாகன ஓட்டிகளுக்காகப் பாதுகாப்பு நாள் நடத்திய காவல் அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும், இனி அத்தகைய நாளைத் திட்டமிடப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

தக்கலைக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் வழியாகப் பதினான்கு ஆண்டுகளாக ஸ்கூட்டரில் வந்துபோகிறவள் நான். வேகத்தில் ஆர்வமோ நெடும்பயண ஆசையோ எனக்கு இல்லை. காலை எட்டே காலுக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், மாலையில் காய்கறியும் மாமியாருக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், அவ்வளவுதான் எனக்கும் என் வண்டிக்கும் உள்ள உறவு. அழைப்பில் ‘தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள்’ என்று நீங்கள் குறித்திருந்தது என்னைப் போன்றவர்களைத்தான் என்று எண்ணி வந்தேன். அந்த ஒரு நாளில் எனக்கு என்ன கிடைத்தது, அதில் எந்தப் பகுதியை நீங்கள் கைவிடாமல் தொடர வேண்டும் என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

வருவதற்கு முந்தின இரவு நான் செய்த முதல் வேலை, பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகிய நான்கையும் தேடி எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவைத்ததுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வரச்சொல்லிக் காவல்துறை அழைத்தால் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது அபராதம் என்ற எண்ணமே. பின்விளக்கு எரியாத வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, கூடவே வருவதாகச் சொல்லியிருந்தவர், காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். வாசலில் நின்ற பெண் காவலரோ என் உறையைத் திறந்துகூடப் பார்க்காமல், “உள்ள வாங்கக்கா, இன்னைக்கு அதெல்லாம் வேண்டாம்” என்று கையைக் காட்டிவிட்டார். அந்தத் தம்பிக்கு இந்த ஒரு வாக்கியம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வயிற்றுவலி வந்திருக்காது. அடுத்த முறை அழைப்பிலேயே, அன்று யாருக்கும் அபராதம் இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. வரவேற்புரை, சிறப்புரை, உறுதிமொழி, துண்டறிக்கை, குழுப்படம் எல்லாம் முறைப்படி நடந்தன. நடுவில் தந்த டீயும் ரசவடையும் நன்றாக இருந்தன. பேசியவர்கள் சொன்ன எதுவும் தவறில்லை. ஆனால் தலைக்கவசம் அணிய வேண்டும், குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, மூன்று பேர் போகக் கூடாது என்பவை எங்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல; தெரிந்தும் செய்யாதவர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கவும் இல்லை.

அந்த நாள் உண்மையில் தொடங்கியது, ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கும் என்று தோன்றிய ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர், மைதானத்தின் குறுக்கே சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டபோதுதான். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொட்டவுடன் பிரேக் பிடித்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிற்க வேண்டும், அவ்வளவே பயிற்சி. கோட்டிலிருந்து நான் நின்ற இடம்வரை அவர் தப்படி வைத்து அளந்து, பதினான்கு தப்படி என்றார். பிறகு என் வலக்கையைப் பார்த்தபடி, “மக்களே, அந்தக் கையில இருக்கிற பிரேக்க எதுக்கு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளில் என் அண்ணன், முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லியிருந்தான். அந்தச் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பதினான்கு ஆண்டுகளாக வலக்கைப் பிரேக்கை நான் தொட்டதே இல்லை. என்னுடைய பழைய வண்டியில் இடக்கைப் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் செய்தி எங்கள் அலுவலகத்தில் வண்டி ஓட்டும் பதினோரு பேரில் ஒன்பது பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடையும் நம் எடையும் முன்னோக்கிச் சாய்கின்றன. அப்போது முன்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் எடை குறைந்து எளிதில் வழுக்கத் தொடங்குகிறது. எனவே காய்ந்த சாலையில் நேராகப் போகும் வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. அதைச் சடாரென்று இறுக்கினால்தான் ஆபத்து. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதைப்போல, முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தமாகவும் கையை மூட வேண்டும். வண்டி வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணலிலும், ஈரத்திலும் இந்த நிதானம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதையும், அதற்குட்பட்ட வண்டிகளில் அதுவோ, ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் கூட்டுப் பிரேக்கோ இருக்க வேண்டும் என்பதையும் அவர் சொன்னபோது, பக்கத்தில் நின்றவர்கள் தத்தம் வண்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். எது தன் வண்டியில் இருக்கிறது என்று தெரியாமலே ஓட்டுகிறவர்களாகத்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

ஐந்தாவது முறை நான் எட்டுத் தப்படியில் நின்றேன். அந்த ஆறு தப்படி வேறுபாடு எனக்கு எவ்வளவு பெரியது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில், ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் ஓடிவந்த பையன் மீது மோதாமல் இருக்க நான் பின்பிரேக்கை மட்டும் மிதமிஞ்சி அழுத்தி, பின்சக்கரம் வழுக்கி, முழங்காலும் முழங்கையும் தேய விழுந்தேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரச் சாலையைத்தான் அன்று நான் குறை சொன்னேன். என் கைக்குப் பாதி வேலைதான் தெரியும் என்பதைச் சுண்ணாம்புக் கோடுதான் எனக்குக் காட்டியது.

நீங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்கையும் வீட்டுக்கு வந்து மகனுக்குச் சொன்னேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிறது. பிறகு காய்ந்த நல்ல சாலையில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் ஏறத்தாழ 12 மீட்டர் தேவைப்படும். ஆக, இரண்டு பேருந்து நீளம். வேகம் 60 ஆனால் நொடிக்கு 17 மீட்டர், நிற்பதற்கு 28 மீட்டர், மொத்தம் ஏறத்தாழ நான்கு பேருந்து நீளம். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது என்ற கணக்கைப் பத்தாம் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். சாலைக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த இடத்தில் ஓட்டுநர் உரிமத் தேர்வைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும், அது உங்கள் துறையின் கீழ் வராது என்றாலும். நாகர்கோவிலின் டி.என். 74 ஆனாலும் மார்த்தாண்டத்தின் டி.என். 75 ஆனாலும், நாம் எல்லோரும் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டுப் போட்டு உரிமம் வாங்கியவர்கள். எட்டுப் போடுவது தள்ளாடாமல் மெதுவாகத் திருப்பத் தெரிகிறதா என்பதைச் சோதிக்கிறது. திடீரென்று நிறுத்தத் தெரிகிறதா என்பதை அது சோதிப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாததால் இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோர் 50,029 பேர். நீங்கள் தலைக்கவசத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இந்த ஓர் எண்ணே போதும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மீதியுள்ள ஏறத்தாழ 25 ஆயிரம் பேரின் சாவைத் தலைக்கவசத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. விபத்து நடந்த பிறகு தலையைக் காப்பது கவசம். விபத்துக்கு முந்தைய ஒரு நொடியில் வேலை செய்ய வேண்டிய கையையும் கண்ணையும் நமக்கு யாரும் பழக்கவில்லை. அன்று நீங்கள் பழக்கினீர்கள்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு டிப்பர் லாரியை நிறுத்தி, எங்களை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிவிட்டது யாருடைய யோசனை என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தனியாக என் நன்றி. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளை இந்த மாவட்டத்தில் திட்டாதவர்கள் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். அந்த இருக்கையில் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பிப் பார்த்தபோது, வண்டியை ஒட்டி நிறுத்தி வைத்திருந்த மூன்று பைக்குகளில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. முன்பக்கம், லாரியின் முகப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்த பெண் காவலரின் தொப்பிகூடத் தெரியவில்லை. அவர் கையை உயர்த்தி ஆட்டிய பிறகுதான் விரல்கள் தெரிந்தன. லாரிக்காரரின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் என நீங்கள் சொன்ன விதியை நான் மறுநாள் காலையிலேயே பின்பற்றத் தொடங்கிவிட்டேன். இதுவரை மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழேயும் வெட்டூர்ணிமடம் நெரிசலிலும் லாரியின் இடப்பக்க இடைவெளியில் நுழைவதை நான் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனினும் அந்த நாளின் உயிர்நாடி பிற்பகலில் இருந்தது. எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஐந்தாறு கிலோமீட்டர் பொதுச் சாலையில் வழக்கம்போல் ஓட்டச் சொல்லி, பின்னால் ஒரு காவலர் தம் வண்டியில் வந்தார். திரும்பி வந்ததும் மரநிழலில் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். என்னைப் பற்றி அவர் சொன்னவை இவை. நான் முன்சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன், அதனால் எல்லாமே எனக்குத் திடீரென்று நேர்கிறது. சந்திப்பு வந்தால் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாக ஹாரன் அடிக்கிறேன். பாதுகாப்பு என்று நினைத்துத் தார்ச்சாலையின் இடது விளிம்பிலேயே போகிறேன். அங்கேதான் மணலும், உடைந்த ஓரமும், திடீரென்று திறக்கும் கார்க் கதவும் இருக்கின்றன, போதாக்குறைக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உரசிக்கொண்டு முந்துவதற்கு நானே இடமும் கொடுக்கிறேன். விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டும்படி சொன்னார். கடைசியாக, என் வண்டிக் கண்ணாடி இரண்டும் உட்பக்கம் திரும்பியிருப்பதைச் சுட்டிக்காட்டி, அதில் நான் என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாது என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

பதினான்கு ஆண்டுகளில் என் வண்டி ஓட்டுதலை இன்னொருவர் பார்த்து, நல்லது கெட்டதைச் சொன்னது அதுதான் முதல் முறை. சமையலையும் கையெழுத்தையும் குழந்தை வளர்ப்பையும் குறித்துக் கருத்துச் சொல்லாதவர்கள் இல்லை. உயிரோடு தொடர்புடைய இந்த ஒன்றைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் என் சித்தி மகளிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, அவள் கணவரும் அங்கே இப்படி ஒரு நாளுக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். பிரிட்டனில் ‘பைக்சேஃப்’ என்ற பெயரில் காவல்துறையே முன்னின்று நடத்தும் திட்டம் அது. உரிமம் வைத்திருக்கும் சாதாரண ஓட்டிகள் கலந்துகொள்வார்கள், காவல்துறைத் தரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் பின்னாலேயே ஓட்டிவந்து கவனித்து, கடைசியில் உட்கார்ந்து பேசுவார். தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் கிடையாது. அந்நாட்டுக் காவலர்கள் கற்கும் ஓட்டுமுறையில் ஒவ்வொரு வளைவையும் சந்திப்பையும் ஓர் ஒழுங்கில் அணுகச் சொல்கிறார்கள்: முதலில் சுற்றுமுற்றும் பார்த்துத் தகவல், அதன்படி சாலையில் நம் நிலை, பிறகு வேகம், அதற்கேற்ற கியர், கடைசியில்தான் முடுக்கம். அவர்களும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் பெரிதாக எதையும் மாற்றாமல் நாம் எடுத்துக்கொள்ளலாம். அன்று பிற்பகலில் உங்கள் காவலர் செய்ததும் இதுவேதான். அவருக்கு அந்தத் திட்டத்தின் பெயர் தெரிந்திருந்ததா என்பதுகூட முக்கியமில்லை.

குலசேகரம், திற்பரப்பு, அருமனை பக்கத்து வளைவுகளை மனத்தில் வைத்து அவர் சொன்ன ஒன்றை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன். ரப்பர் மரங்களுக்கு இடையே வளையும் சாலையில், இரண்டு ஓரங்களும் ஒன்றாய்ச் சேர்ந்து மறைவதுபோல் தோன்றும் இடத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்த இடம் நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். அது நம்மைவிட்டு விலகி ஓடினால் வளைவு விரிகிறது. பார்வைக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே அந்த வளைவின் வேகம். விடுமுறையில் அம்மா வீட்டுக்குப் போகும்போது இதைச் செய்து பார்த்தேன்; வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டதால், வளைவுக்குள் பிரேக் பிடிக்கும் பதற்றமே வரவில்லை.

இனி என் வேண்டுகோள்கள். நீங்கள் செய்ததில் குறை காண்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. செய்தது பலித்தது என்பதால்தான் கேட்கிறேன்.

அன்று வந்திருந்த அறுபது எழுபது பேரில் பெரும்பாலோர் அலுவலகம், கல்லூரி சார்ந்தவர்கள். குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் ஐஸ் பெட்டியை டி.வி.எஸ். எக்ஸெலின் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடும் மீன் வியாபாரிகளில் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. பால் வெட்டுவதற்காக நெற்றி விளக்கோடு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் ரப்பர் தொழிலாளிகளும் இல்லை. இவர்களுக்குத்தான் நீங்கள் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியில் பாரம் ஏற ஏற முன்சக்கரம் லேசாகி, கைப்பிடி சொன்னபடி கேட்காமல் போகும் என்பதை ஒரு வெற்றுப் பெட்டியும் நிறைந்த பெட்டியும் வைத்துப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். கறுத்த சட்டையும் பழைய டார்ச்சுமாக இருட்டில் போகிறவருக்கு, வண்டியின் பின்னும் பக்கவாட்டிலும் ஒட்ட ஓரிரு முழம் ஒளிர்பட்டை கொடுத்தால் துண்டறிக்கையைவிட அது பயன்படும்.

அவர்கள் வராததற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாகர்கோவில் பக்கம் நடந்தது. நம் மாவட்டத்தில் ஞாயிறு காலை என்பது மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கோயிலில் ஆராதனைக்கும் திருப்பலிக்கும் போகும் நேரம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். அதே ஞாயிற்றின் பிற்பகலில் குளச்சலிலோ முட்டத்திலோ வைத்தால் ஊரே வந்து நிற்கும். ரப்பர் தொழிலாளிக்குக் காலை பதினொரு மணிக்கு மேல் கை ஒழியும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பால்வெட்டு நிற்கும் ஜூன் மாத நாட்களில் குலசேகரத்தில் வைத்தால் இன்னும் எளிது, கூடவே ஈரச்சாலையில் நிறுத்தும் பயிற்சியும் தானாக அமைந்துவிடும். திருவிதாங்கோட்டிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்க்க வேண்டும். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தோடு இதை முடித்துக்கொள்ளாமல், ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு தாலுகாவிலும் சுற்றிவரும்படி, நாற்பது பேருக்கு மிகாமல் நடத்தினால் போதும் என்பது என் எண்ணம். உரைகளை அரை மணி நேரமாகக் குறைத்து, அந்த நேரத்தைப் பின்னால் வண்டியில் வரும் காவலருக்குக் கொடுங்கள்.

பெண்களுக்கென்று சில செய்திகள் உண்டு. அவற்றைப் பெண் காவலர்களே பேசினால் நன்றாக இருக்கும். கொண்டைக்கு மேலே தலைக்கவசம் உட்காராது. தோவாளைப் பிச்சியை நெருக்கமாக வைத்த தலையில் அது உட்கார்ந்தாலும் பட்டையை இறுக்க மனம் வராது. பின்னலைத் தழையப் போட்டு, தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் நுழையும்படி மாட்டிக்கொள்வது எப்படி என்று கண்ணாடி வைத்துக் காட்டித் தந்தால், ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பற்றிய உரை தேவைப்படாது. பட்டை மாட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்னால் தரைக்குப் போய்விடும் என்று அந்த உதவி ஆய்வாளர் சொன்னதை நான் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. வண்டி வாங்கியவுடன் அழகுக்காக அதைக் கழற்றும் பையன்கள், அம்மாவின் சேலையையும் தங்கையின் துப்பட்டாவையும் நினைப்பதில்லை.

குடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. விரித்த குடை பாயைப்போல் காற்றைப் பிடித்து, உட்கார்ந்திருப்பவரைப் பின்னோக்கி இழுக்கிறது. வண்டி ஓட்டுபவரின் பார்வையையும் மறைக்கிறது. காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் குடையே இல்லாமலும் வண்டி பக்கவாட்டில் நகரும் என்பது அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். அன்றைய நிகழ்ச்சியில் குடை பேச்சில் வரவில்லை. அடுத்த முறை அது வர வேண்டும், முடிந்தால் மழை அங்கிகளோடு.

முதலுதவிப் பகுதி சுருக்கமாக இருந்தாலும் பயனுள்ளதாக இருந்தது. விழுந்தவரின் தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, 108ஐ அழைத்துவிட்டு அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதோடு, நல்லெண்ணத்தோடு உதவி செய்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவே பாதுகாப்புத் தருகிறது என்பதைச் சீருடையில் இருக்கும் ஒருவர் வாயால் கேட்டது எங்களுக்குப் பெரிய நிம்மதி. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. எந்தெந்த மருத்துவமனைகளில் என்பதுதான் தெரியவில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தவிர வேறு பெயரை எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. தாலுகா வாரியாக அந்தப் பட்டியலை அச்சிட்டு, வண்டி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் அளவில் கொடுத்தால் உதவும்.

இன்னொன்று சற்றுத் தயக்கத்தோடு கேட்பது. தலைக்கவசம் இல்லாமல் பிடிபடுகிறவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது சட்டம். அதில் தளர்த்தும்படி நான் கேட்கவில்லை. அந்தச் சீட்டின் பின்பக்கத்தில், உங்கள் ஊருக்கு அருகில் அடுத்த பாதுகாப்பு நாள் எங்கே, எப்போது என்று இரண்டு வரி அச்சிட்டுத் தர முடியுமா? உரைகளைக் கேட்க வருகிறவர்கள் எப்போதும் நாங்களே. கோட்டுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டியவர்களை நீங்கள் ஒவ்வொரு நாளும் சாலையில் சந்திக்கிறீர்கள்.

அன்று என் பின்னால் வண்டியில் வந்த காவலரின் பெயரைக் கேட்டுவைக்கத் தவறிவிட்டேன். என் கண்ணாடிகள் இரண்டும் இப்போது வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன என்று அவருக்குத் தெரிவிக்கவும். சுங்கான்கடை இறக்கத்தில் யாரும் பின்னால் இல்லாத நேரம் பார்த்து, வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பிரேக்கையும் பிடித்து நின்று பார்க்கிறேன். பின்னால் யாருமில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே அந்தக் கண்ணாடிகள் உதவுகின்றன.

அடுத்த நாளைத் தக்கலைப் பக்கம் வைத்தால், எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் மீன் விற்பவர்கள், ஒருவர் பால் வெட்டுபவர். மூவருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் ஒழியும். ஆறாவது பெயர், வயிற்றுவலி வந்த அந்தத் தம்பியுடையது. பின்விளக்கை இன்னும் மாற்றவில்லை, அதோடே வரலாமா என்று கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
தக்கலை – நாகர்கோவில் சாலையில் தினமும் உங்களைக் கடந்துபோகும் ஒரு ஸ்கூட்டர்க்காரி